நீலன் எங்கே?

ஓமலூர்
22-9-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாவாயி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். பெங்களூரில் தீபிகாவும் குழந்தையும் சௌகரியமாக இருக்கிறார்கள். நீங்களும் அண்ணியும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி என் மனத்தில் இருப்பதை எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக நாங்கள் பெங்களூர் போகும்போது என் லவ் பேர்ட்ஸ் இரண்டையும் உங்களிடம்தான் விட்டுப் போனேன். திரும்பி வந்ததும், கிளிகளை எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னேன். நீங்களோ கூண்டைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டீர்கள். கையில் கொடுத்துவிட்டு, “சேலம் பஸ் நிக்குது, ஏறிக்கோ அம்மிணி” என்றீர்கள். ஐந்து மாதம் கழித்து வந்த தங்கைக்கு ஒரு வாய் காப்பி இல்லை. அண்ணி முகத்தைக்கூடக் காட்டவில்லை. பேருந்தில் வரும்போது அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

கூண்டுக்குப் போட்டிருந்த துணியை வீட்டில் வந்துதான் எடுத்தேன். பச்சைக் கிளி சொக்கனுக்கு உச்சந்தலையிலும் பின்கழுத்திலும் ஒரு இறகுகூட இல்லை. உரித்த கோழி மாதிரி தோல் தெரிகிறது. என்ன போட்டீர்கள் அதற்கு? எங்கே வைத்திருந்தீர்கள்? கேட்கலாம் என்றால் அன்றிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் தபால்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை பாவாயி

*

திருச்செங்கோடு
4-10-2024

தங்கை பாவாயிக்கு அண்ணன் செங்கோடன் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் இருவரும் நலம். மாப்பிள்ளை சண்முகவேலுக்கு என் வணக்கம். பேரக்குழந்தைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

கிளிக்கு என்ன போட்டேன் என்று கேட்டிருக்கிறாய். புதுத் தினை போட்டேன். கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை போட்டேன். அலகு தீட்டக் கடல் நுரை வாங்கிக் கூண்டில் கட்டினேன். ஜன்னல் ஓரமாக வெளிச்சத்தில் வைத்திருந்தேன். இதற்குமேல் செய்ய எனக்குத் தெரியாது. பறவை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை இறகை உதிர்க்கும், புதிதாக முளைக்கும். அதைப் போய் நான் பிடுங்கியதுபோல எழுதியிருக்கிறாய்.

போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. புதிது வாங்க மனமில்லை. போர்வெல் போடும் ரிக் லாரிகளை விற்ற பிறகு என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்.

அன்று எனக்குக் கொஞ்சம் அவசரம். அதனால் பேருந்து நிலையத்துக்கு வந்தேன். உன் அண்ணி நலம்.

அன்புடன்,
செங்கோடன்

*

ஓமலூர்
18-10-2024

அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். “உன் அண்ணி நலம்” என்று மூன்றே சொல் எழுதியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் நீங்கள் எழுதினால் கடைசியில் அண்ணி கையெழுத்தில் நாலு வரி இருக்கும். அண்ணிக்கும் என்மேல் கோபமா?

பருவத்துக்கு இறகு உதிர்த்தால் உடம்பு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரும். தோல் தெரிய ஓரிடம் மட்டும் மொட்டையாகாது. இரண்டு வருடமாக வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா? பேன் என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கி அடித்தேன். வேப்பிலைத் தண்ணீர் தெளித்தேன். கூண்டை வெந்நீரில் கழுவினேன். சொக்கனுக்கு முளைத்த கொஞ்சம் முடியும் போய்விட்டது. இப்போது தோலில் இரத்தப் புள்ளி வேறு.

நீல நிறத்தவன் நீலனும் சரியில்லை. என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிப் பழகிய “பாவாயி, காப்பி” என்ற பேச்சை அவன் மறந்தே போய்விட்டான். வாயே திறப்பதில்லை. மூக்கின் மேலுள்ள சதை வந்தபோது வெளிறிக் கிடந்தது, இப்போது பழுப்பாகிக்கொண்டே வருகிறது. அதுவும் ஏதாவது நோயோ என்று பயமாக இருக்கிறது.

தீபாவளிக்குத் தீபிகா குழந்தையோடு வருகிறாள். நீங்களும் அண்ணியும் கட்டாயம் வர வேண்டும். பேத்தியை நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வராமல் இருந்தால் நான் என்ன நினைத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாவாயி

*

திருச்செங்கோடு
12-11-2024

பாவாயிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. முழங்கால் வலி. சேலையும் குழந்தைக்குச் சட்டையும் கூரியரில் அனுப்பினேன், கிடைத்திருக்கும்.

ஒரு கிளிக்காக அண்ணனைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாய். இங்கே இருந்தவரை அவை நன்றாகத்தான் இருந்தன. நீ கண்ட மருந்தையும் அடித்திருக்கிறாய். இடம் மாறினால் பறவைக்கும் மனசு கெடும். உன் கூடத்தில் டிவி சத்தம் ஓயாது, அது போதாதா? பிடிக்கவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடு. இதைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதே.

உன் அண்ணி நலம். கோபம் ஒன்றும் இல்லை.

செங்கோடன்

*

ஓமலூர்
24-11-2024

அண்ணா,

இதைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் நாமக்கல் போய், கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டினேன். கோழிப் பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவில் நான் ஒருத்திதான் இரண்டு குருவிகளோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சின்ன வயது. சொக்கனைக் கையில் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதை யாருங்கம்மா கொத்துறாங்க?”

“யாரும் கொத்தலீங்க. பேனுன்னு நெனச்சேன்.”

“பேன் இல்லீங்க. தோல் நோயும் இல்ல. நெஞ்சு, முதுகு, றெக்கை எல்லாம் இறகு முழுசா இருக்குது பாருங்க. கவலையில தானே பிடுங்கிக்கிற கிளி முதல்ல நெஞ்சைத்தான் மொட்டையாக்கும். தலையையும் பின்கழுத்தையும் அதால பிடுங்க முடியாது, அலகு எட்டாது. கூட இருக்கறது பிடுங்குது.”

“ரெண்டு வருசமா ஒண்ணா இருக்குதுங்க டாக்டர். ஒண்ணுக்கொண்ணு ஊட்டி விட்டுக்கும்.”

அவர் நீலனைக் கையில் எடுத்தார். மூக்கையும் நெற்றியையும் உற்றுப் பார்த்தார். “இதுக்கு இன்னும் ஒரு வயசே ஆகலீங்களே. அதுவுமில்லாம இது பொட்டை” என்றார். சேவலுக்கு மூக்குச் சதை நல்ல நீலமாக இருக்குமாம். பொட்டைக்குக் குஞ்சில் வெளிறி இருந்து, வளர வளரப் பழுப்பாகுமாம். முன்பின் பழக்கமில்லாத பொட்டையைச் சின்னக் கூண்டில் சேர்த்து அடைத்தால், அது இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இப்படித்தான் செய்யுமாம். உடனே தனித்தனிக் கூண்டில் வையுங்கள் என்றார்.

என் நீலன் சேவல். மூக்கு மயில் கழுத்து மாதிரி மின்னும். நீங்கள் கொடுத்தது என் நீலன் இல்லை.

நீலன் எங்கே? செத்திருந்தால் செத்துவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் என்ன உங்களைத் தூக்கிலா போடப்போகிறேன்? கடையில் வேறொன்றை வாங்கி உள்ளே விட்டு, துணி போட்டு மூடி, பேருந்து நிலையத்தில் கையில் திணித்து அனுப்பியிருக்கிறீர்கள். நான் இரண்டு மாதமாக மருந்தடிக்கிறேன், நீங்கள் என் வீட்டு டிவியைக் குறை சொல்கிறீர்கள். ஒரு பொய்யை மறைக்க அந்த வாயில்லா ஜீவன் தலை முழுக்க இரத்தம் கட்டி நின்றது அண்ணா.

நீங்கள் இப்படிப்பட்ட ஆள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதில் வரும்வரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

பாவாயி

*

திருச்செங்கோடு
5-12-2001

அன்புள்ள பாவாயிக்கு அண்ணி சென்னியம்மாள் எழுதுவது.

நாங்கள் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? அத்தைக்கு இருமல் நின்றதா? உன் வீட்டிலேயே எத்தனை நாள் இருப்பார்கள், இங்கே அனுப்பிவை, நான் பார்த்துக்கொள்கிறேன். தீபிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா? அழுதாளா?

உன் கடிதம் பார்த்தேன். அண்ணன்மேல் கோபப்படாதே. குருவியைப் பறக்கவிட்டது நான்தான். அது காப்பி காப்பி என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாவம், யாரும் கொடுக்கவில்லை. டம்ளரில் ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். அது வெளியே போய்விட்டது. வேப்ப மரத்தில் உட்கார்ந்தது, அப்புறம் அங்கேயும் இல்லை. நான் டம்ளரோடு தேடிக்கொண்டு போனேன். ரொம்ப தூரம் போய்விட்டேன் போலிருக்கிறது. யாரோ ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். என் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருந்தார்.

உன் குருவி வந்தால் சொல்லு. காப்பி ஆறிவிட்டது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லு.

அண்ணி
சென்னியம்மாள்

*

ஓமலூர்
11-12-2024

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

அண்ணியின் கடிதம் வந்தது. அதே குண்டு குண்டான கையெழுத்து. மேலே 2001 என்று போட்டிருக்கிறார்கள். கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் அம்மாவுக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இழவு வீட்டுக் கூட்டத்தில் அழுது மயங்கி விழுந்தது அண்ணிதான். தீபிகா பள்ளிக்கூடத்தில் அழுதாளா என்கிறார்கள். தன்னைத் தேடி வந்து கூட்டிப் போன நல்ல மனிதர் யார் என்றும் எனக்குப் புரிந்தது. நீங்கள்தான்.

கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “உங்கண்ணன் இத்தனை நாளா ஒத்தையில என்ன பாடு படுறாரோ” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. எத்தனை நாளாக இப்படி? என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் என்ன ஊரான் வீட்டுப் பொம்பளையா?

பாவாயி

*

திருச்செங்கோடு
2-1-2025

பாவாயிக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்தத் தடவை எழுதவில்லை.

நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உன் கடிதத்தைப் படித்திருக்கிறாள். தானே உறை எடுத்து, விலாசம் எழுதி, தபால்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறாள். உன் விலாசம் ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அடுப்பை அணைக்க ஞாபகம் இல்லை.

ஒன்றரை வருடமாக இருக்கிறது. முதலில் உப்பு இரண்டு தடவை போட்டாள். பிறகு, விற்ற லாரிகள் எந்த ஊரில் நிற்கின்றன என்று தினம் கேட்டாள். ராத்திரியும் பகலும் ஆட்களுக்குப் போன் போட்டு, “டிரைவருக்குச் சம்பளம் போச்சா” என்று விசாரித்தாள். சிலபேர் சிரித்தார்கள். செப்டம்பரில் போனை நானே தூக்கிப் பரண்மேல் போட்டேன். தொட்டியில் விழவில்லை.

கிளி போன அன்று சங்ககிரி சாலையில் அவளைக் கண்டுபிடித்தேன். செருப்பில்லாமல், டம்ளரைப் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் நின்றாள். “ஏனுங்க, ஒரு நீலக் குருவியப் பாத்தீங்களா?” என்று என்னையே கேட்டாள். அதற்குப் பிறகு கூண்டில் காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஈரோடு போய் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வந்து உள்ளே விட்டேன். அழுகை நின்றது. உன்னை ஏமாற்றுவதற்காக வாங்கவில்லை. அப்புறம் உன்னிடம் உண்மை சொன்னால் அவள் நிலைமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொக்கன் தலை மொட்டையானபோதே எனக்குச் சந்தேகம்தான். அவளுக்கு முன்னால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். தீபிகா வளைகாப்பில் உன் அண்ணி ஒரு தடவை வளையல் போட்டுவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நின்றாள். மூன்றாம் தடவையும் வந்து நின்றாள். மண்டபமே சிரித்தது. “அண்ணி, கடையில வளையலே தீந்து போச்சு” என்று சொன்னது யார்? நீதான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் நீதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தொழிலை ஓட்டியது அவள் மூளை. எந்த வண்டி எந்த மாநிலத்தில் எத்தனை அடியில் நிற்கிறது என்று சமையலறையில் இருந்துகொண்டே சொல்வாள். அவளைப் பார்த்து ஒருத்தர் சிரிக்க இனி நான் விடமாட்டேன். அது என் கூடப் பிறந்தவளாக இருந்தாலும் சரி.

செங்கோடன்

*

ஓமலூர்
8-1-2025

அண்ணாவுக்கு,

சிரித்தேன். எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்தவர்கள் வாயில் அடித்திருப்பேன், என் வாயையும் சேர்த்து. அதற்கு மன்னிப்பை அண்ணியிடம்தான் கேட்பேன், உங்களிடம் இல்லை. ஏனென்றால் உங்கள்மேல் எனக்கு இன்னும் பெரிய கோபம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மருந்துக் கடை என்று வருகிறது. டாக்டர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு குருவிக்கு நாலு இறகு விழுந்ததற்கு நான் நாமக்கல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காக உட்கார்ந்தேன். ஒன்றரை வருடமாக அண்ணி உங்களைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று மருத்துவம்கூடப் பார்க்காமல் வைத்திருப்பது எந்த ஊர் மரியாதை? நானும் பேன் என்று நினைத்துக்கொண்டு கண்ட மருந்தை அடித்தவள்தான். ஆனால் அது கேட்காதபோது தெரிந்தவர்களிடம் கொண்டுபோனேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வருகிறேன். உங்கள் அனுமதி கேட்கவில்லை. அடுத்த வாரமே சேலத்தில் நரம்பு டாக்டரிடம் காட்ட உங்கள் மாப்பிள்ளை பதிவு செய்துவிட்டார். அண்ணியை நானே தலை சீவி, புடவை கட்டிக் கூட்டி வருகிறேன். நீங்கள் வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் போதும்.

கிளிகள் இப்போது தனித்தனிக் கூண்டில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சொக்கன் தலையில் குச்சி குச்சியாக, வெள்ளை உறை மூடிய புது முளைகள் வந்திருக்கின்றன. தொட்டால் வலிக்கும் போலிருக்கிறது, கத்துகிறான். அந்தப் பொட்டையின்மேலும் ஒரு குற்றமும் இல்லை. தெரியாத இடத்தில் கொண்டுவந்து அடைத்தால் அது என்ன செய்யும்?

பாவாயி

*

திருச்செங்கோடு
30-1-2025

அன்புள்ள பாவாயிக்கு,

நானும் உன் அண்ணியும் ஓரளவு நலம். நீங்கள் அனைவரும் நலமா?

நீ ஊருக்குப் போன பிறகு மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறேன். இது குணமாகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வேகத்தைக் குறைக்கலாம், முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று அவர் சொன்னதைத்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னை அதற்குத் திட்டாமல் விட்டதுதான் எனக்குத் தண்டனை. ராத்திரி தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன். போனைப் பரணிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இதை எழுதத்தான் தோன்றியது.

நீ இங்கே தங்கிய ஐந்து நாளும் அவள் உன்னோடு நன்றாகத்தான் பேசினாள். நீ சொன்ன மன்னிப்பையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நீ பேருந்து ஏறிய அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, வந்துட்டுப் போன அம்மிணி யாருங்க?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்.

“ரொம்பத் தன்மையான பொம்பளைங்க. எனக்குத் தலை சீவிவுட்டுது. உங்க தங்கச்சி மாதிரி சண்டக்காரி இல்ல.”

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் இதையும் மறைக்கவில்லை.

அன்புடன்,
செங்கோடன்

*

ஓமலூர்
5-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். சொக்கன் தலை முழுக்கப் பச்சை மூடிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்து உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்தது கோபம். நான் கட்டிக்கொண்டு போய் முப்பது வருடம் ஆகிறது. இத்தனை காலமும் அண்ணி மனத்தில் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்களா? நான் என்ன சண்டை போட்டேன்? அம்மாவின் தோட்டை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு தடவை. தீபிகா காதுகுத்துக்கு நீங்கள் தாமதமாக வந்தபோது ஒரு தடவை. கிளிக்காக ஒரு தடவை. சரி, இன்னும் சிலது இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கே வருகிறேன். நான் யார் என்று அண்ணியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிட்டுக்கொண்டே, உங்கள் நாத்தனார் எப்படிப்பட்டவள் என்று கேட்கப்போகிறேன். ஒன்றுவிடாமல் சொல்லட்டும். நானும் கூடச் சேர்ந்து அந்தச் சண்டைக்காரியை நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பாவாயி